முதல் பதிப்பில் இருந்த ஊர்

ஊசியில்லாத சிரிஞ்சின் முனை உதட்டில் பட்டதும் அப்பா வாயை இறுக மூடிக்கொண்டார். தலையைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். ஒரு சொட்டு சிரப் மோவாயில் வழிந்து கழுத்து மடிப்புக்குள் இறங்கியது.

“அப்பா, நேரம் தாண்டிடுச்சு. வாயத் திறங்க.”

“ஆட்டம் முடியட்டும்.”

“விளையாடாதீங்கப்பா.”

“விளையாடத்தான் போறேன்.” சிரிக்க முயன்றார். பாதிச் சிரிப்பில் இடுப்பெலும்புக்குள் ஏதோ திருகியிருக்க வேண்டும், முகம் கோணிக்கொண்டது. “அதைக் குடிச்சா மூளை பஞ்சாப் போயிடுது பாப்பா. பல்லு வந்து என்னை ஊதித் தள்ளிட்டுப் போயிடுவான்.”

பல்லு என்பது பல் டாக்டர். உறவு ஒன்றும் இல்லை, ஆனாலும் அந்த வீட்டில் அவர் பல்லு மாமா. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து அப்பாவின் எதிரே உட்கார்ந்து போர் விளையாட்டு ஆடிவிட்டுப் போவார். போன வாரம் பாதியில் நின்ற ஆட்டத்தை இன்று வந்து முடிப்பதாக ஏற்பாடு. அம்மா இருந்தவரை அந்த ஆட்டப் பலகை கட்டிலுக்கடியில் பதுங்கிக் கிடந்தது. அம்மா போன பிறகு இரண்டு முக்காலிகளின்மேல் ஏறி உட்கார்ந்து முன்னறையையே பிடித்துக்கொண்டது. அப்பா படுக்கையில் விழுந்ததும் கட்டிலும் அதே அறைக்கு வந்தது. வாசல் கதவுக்குப் போக வேண்டுமென்றால் எல்லோரும் வயிற்றை எக்கிப் பக்கவாட்டில்தான் நடக்க வேண்டும்.

மகள் சிரிஞ்சைத் தட்டில் வைத்தாள். ஆஸ்பத்திரி மருந்தகத்தில் இதே பாட்டிலை எத்தனையோ பேரிடம் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். கொடுக்கும்போதெல்லாம் ஒரே பாட்டைத்தான் பாடுவாள். வலி வந்த பிறகு தேடாதீர்கள், வருவதற்கு முன்னாலேயே கொடுத்துவிடுங்கள். ஊருக்கெல்லாம் சொல்லி ஆயிற்று, சொந்த வீட்டில் அது செல்லுபடியாகவில்லை.

வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டிருந்தார். அப்படிச் சொன்னால் என்ன பொருள் என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அண்ணனுக்குச் சொல்லியாயிற்று, நாளை விமானத்தில் வருகிறான். இரவெல்லாம் அப்பாவின் மூச்சை எண்ணிக்கொண்டே படுத்திருந்தவளுக்கு, நாளை என்பது மிகத் தூரத்தில் இருப்பதாகப் பட்டது.

செல்போன் அடித்தது. பல்லு மாமா.

“பாப்பா, பல்லு புடுங்கின எடத்துல ஒருத்தருக்கு ரத்தம் நிக்கவே மாட்டேங்குது. விட்டுட்டு வர முடியல. கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லு அவனை. வந்துடறேன், எப்படியும் வந்துடறேன்.”

அவள் சொன்னாள். அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். கட்டில் கம்பியைப் பிடித்திருந்த அவர் விரல்கள் வெளுத்திருந்தன.

“அவன் வர்ற வரைக்கும் நான் தாங்க மாட்டேன்” என்றார். வலியைச் சொன்னாரா, வேறொன்றைச் சொன்னாரா என்று தெரியவில்லை. “நீ உக்காரு.”

“நானா?”

“அவன் எடத்துல நீ உக்காரு. முடிச்சிடலாம்.”

“நான் தோத்துட்டேன்னு வெச்சுக்கங்க. போதுமா? இப்ப வாயத் திறங்க.”

“தோக்கறதுக்கும் ஆடித்தான் ஆகணும்.”

சமையலறையிலிருந்து மெதுவக்கா வெந்நீர்ப் பாத்திரத்தோடு வந்தாள். அப்பாவைப் பார்த்துக்கொள்ள வந்தவள். புரட்டிப் படுக்கவைக்கும்போதும் தூக்கி உட்காரவைக்கும்போதும் “மெதுவா, மெதுவா” என்று தனக்கே சொல்லிக்கொள்வதால் அப்பா வைத்த பெயர். மகளைவிட வயதில் மூத்தவள். பாத்திரத்தைக் கீழே வைத்து, அப்பாவின் முதுகுக்குப் பின்னால் தலையணையை அண்டக் கொடுத்துவிட்டு, பலகையின் பச்சைக் கட்டைகள் இருந்த பக்கமாகப் போய் நின்றுகொண்டாள். அப்பாவின் கை நடுங்க ஆரம்பித்ததிலிருந்து அவர் சொல்லச் சொல்லக் கட்டைகளை நகர்த்துவது அவள்தான் என்பது மகளுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மகளுக்கு மருந்தகத்தில் வேலை இருக்கும். இல்லாவிட்டாலும் அந்தப் பலகைப் பக்கம் அவள் வருவதில்லை.

சண்டையைப் போய் ஒரு மனிதன் வேலை மெனக்கெட்டு விளையாடுவானா? அதுவும் அந்தச் சண்டையை? மலைநாட்டில் அது நடந்து ஒரு தலைமுறைக்கு மேலாகிறது. பள்ளிப் புத்தகத்தில் ஒரு பத்தி வரும். மலையில் மறைந்திருந்து தாக்கியவர்களுக்கும் அரசுப் படைக்கும் நடந்த மோதல் என்று தொடங்கி, அமைதி திரும்பியது என்று முடியும். அந்தப் பத்தியை அப்பா ஒருமுறை அவள் புத்தகத்தில் பார்த்துவிட்டு, அப்படியே மூடி வைத்தார்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “சொல்லுங்க. சீக்கிரம் சொல்லுங்க.”

“நீலம் உன்னுது, பச்சை என்னுது. கீழ இருந்து மேல போகுதே, அந்த ரோடு கடைசியில தொறந்திருந்தா நீ ஜெயிச்ச. அடைஞ்சிருந்தா நான் ஜெயிச்சேன். அதுக்கு முன்னாடியே பலகையில ஒரு பச்சைகூட இல்லாம நீ பண்ணிட்டா, அங்கயே ஆட்டம் முடிஞ்சுது.”

“பச்சை எங்கேருந்து வருது?”

“ஊர்ல இருந்து. ஒவ்வொரு முறையும் ஊருக்கு ஒரு கட்டை. சோறு போடறதும் ஊருதான், ஒளிச்சு வெக்கறதும் ஊருதான். எவன் சண்டைக்காரன், எவன் ஆடு மேய்க்கறவன்னு உனக்குத் தெரியாது. டைஸப் போட்டுத் தேடு. ஆறு விழுந்தா கண்டுபிடிச்ச.”

“இல்லேன்னா?”

“இல்லேன்னா இல்ல.”

பலகை முழுவதும் அப்பாவின் கைவேலை. நில அளவைத் துறையில் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவர். மலை மடிப்புகளை மயிரிழைக் கோடுகளால் இழைத்திருந்தார். ஓடைகள் நீல மையில் நெளிந்து இறங்கின. ஒவ்வொரு ஊருக்கும் வெறும் புள்ளி வைக்காமல் ஒரு சின்னப் படம். ஒன்றில் பாலம், ஒன்றில் கிணறு, ஒன்றில் ஆட்டுக் கொட்டில், ஒன்றில் மாவு ஆலை. ஆலைச் சக்கரத்தின் பற்கள்கூடத் தெரிந்தன. இவ்வளவு அழகாக வரைந்துவிட்டு அதன்மேல் எதற்குச் சண்டை என்று அவளுக்கு எரிச்சல் வந்தது.

பகடையை உருட்டினாள். இரண்டு. மறுபடி தன் முறை வந்தபோது நான்கு. அப்புறம் ஒன்று. தேடிய இடத்தில் எல்லாம் ஒன்றுமில்லை. தேடாத இடத்தில் எல்லாம் பச்சை முளைத்தது. அப்பா கண்ணால் காட்டுவார், மெதுவக்கா நகர்த்துவாள். பாலத்தருகே இரண்டு பச்சைகள் இறங்கி ரோட்டை மறித்தன.

“நல்லா பாத்து ஆடு” என்றார் அப்பா. சொல்லி முடிக்கவில்லை, உடம்பு வில்லாக வளைந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு மிருகம் எழுப்புவதைப் போன்ற சத்தத்தைத் தொண்டைக்குள்ளேயே அழுத்தினார். மெதுவக்கா ஓடிப்போய் இடுப்புக்குக் கீழே கை கொடுத்தாள். “மெதுவா, மெதுவா…” வியர்வையில் அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

மகள் எழுந்து சிரிஞ்சைக் கையில் எடுத்தாள்.

“வெச்சுடு.” குரல் கிழிந்து வந்தது. “கீழ வெச்சுடு பாப்பா. உன் முறை.”

“ஏன்ப்பா இப்படி என்னைக் கொல்றீங்க?”

அவர் பலகையைப் பார்த்தார்.

அவள் உட்கார்ந்தாள். இந்த ஆட்டம் இப்படியே போனால் சாயங்காலம் ஆகிவிடும், அதுவரை இந்த மனிதர் இப்படியே துடித்துக்கொண்டிருப்பார். எப்படியாவது முடிக்க வேண்டும். பலகையின் ஓரத்தில் விதிகளை ஒட்டி வைத்திருந்தார். அவசரமாகப் படித்தாள், மருந்துச் சீட்டில் வேண்டியதை மட்டும் தேடும் கண்ணோடு. கடைசியில் ஒரு வரி. நீலத்தின் முறையில் பகடை உருட்டாமல் ஓர் ஊரின்மேல் கறுப்பு வில்லை வைக்கலாம். அந்த ஊரும் அதில் உள்ள பச்சையும் ஆட்டத்திலிருந்து நீங்கும்.

நாற்காலியின் பக்கத்தில் ஒரு தகர டப்பா இருந்தது. திறந்தாள். மற்ற கட்டைகளெல்லாம் கைப்பட்டுக் கைப்பட்டு முனை மழுங்கியிருந்தன. வில்லைகள் மட்டும் நேற்றுச் சாயம் பூசியவை போல மின்னின.

“இதை வெச்சா எனக்குப் பாயிண்ட் போகுமா?”

“போகாது.”

“எதுவும் போகாதா?”

“எதுவும் போகாது.”

அப்படியானால் இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கோபம் வந்தது. பாலத்து ஊரின்மேல் ஒரு வில்லையை வைத்தாள். படம் மறைந்தது. மெதுவக்கா அங்கிருந்த பச்சையை எடுத்துப் பெட்டியில் போட்டாள். அடுத்த முறை கிணற்று ஊர். வேலை நடந்தது. இவ்வளவு நேரம் பகடையோடு மல்லுக்கட்டியதெல்லாம் வீண் என்று தோன்றியது. ஆட்டுக் கொட்டில் இருந்த ஊரை மூடியபோது அவள் யோசிக்கக்கூட இல்லை. கட்டைகளைப் பார்க்காமல் அப்பாவின் மூச்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பாவின் பச்சைகளுக்குப் போக்கிடம் குறைந்துகொண்டே வந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் ஆலை ஊர் ஒன்றுதான் மிச்சம்.

“எல்லாத்தையும் ஆலைக்குக் கொண்டுபோயிடுங்க” என்றார்.

மெதுவக்கா ஒவ்வொரு கட்டையாக எடுத்து ஆலையைச் சுற்றி வைத்தாள். இடம் போதவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

மகள் டப்பாவிலிருந்து இன்னொரு வில்லையை எடுத்தாள். நீட்டிய கை பாதியில் நின்றது. ஆலைப் படத்தின்மேல், பச்சைக் கட்டைகளைக் கோழி குஞ்சுகளை மூடிக்கொள்வதைப் போல மூடிக்கொண்டு, மெதுவக்காவின் உள்ளங்கை இருந்தது.

“இந்த ஊரு வேணாமே தங்கச்சி.”

“என்னக்கா?”

“இது மட்டும் வேணாம். வேற எப்படியாச்சும் ஆடு.”

“வேற ஊரே இல்லக்கா. இதோட முடிஞ்சுடும்.”

“டைஸப் போடேன். ஆறு விழும்.”

“அக்கா, அவரப் பாருங்க.” அவள் குரல் அவளுக்கே அந்நியமாக உயர்ந்தது. “அவரு படற பாட்டப் பாருங்க. மரக்கட்டைக்கா இப்ப பாவம் பாத்துக்கிட்டு இருக்கீங்க? கைய எடுங்க!”

மெதுவக்கா அப்பாவைத்தான் பார்த்தாள். ஏதோ சொல்வார் என்று எதிர்பார்த்ததுபோல நின்றாள். அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு மாடியில் யாரோ உதறிய போர்வை காற்றில் படபடத்தது.

“அவ முறை” என்றார் அப்பா. “அவ இஷ்டம்.”

கை விலகியது. மகள் வில்லையை வைத்தாள். பச்சைக் கட்டைகளை மெதுவக்கா பொறுக்கி எடுத்துப் பெட்டியில் போட்டாள், ஒவ்வொன்றாக, சத்தம் வராமல். பெட்டியை மூடிவிட்டு, ஆறிப்போன வெந்நீர்ப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

“ஜெயிச்சுட்ட” என்றார் அப்பா. பாராட்டாகவும் இல்லை, குற்றமாகவும் இல்லை. வானொலியில் வெயில் அளவு சொல்பவரின் குரல்.

அவள் சிரிஞ்சை எடுத்துக்கொண்டு கட்டிலருகே வந்தாள். வெற்றி அவளுக்கு நாக்கில் உலோகம் பட்டாற்போல் இருந்தது. ஏதாவது பேச வேண்டும் என்பதற்காகக் கேட்டாள்.

“இதெல்லாம் நெஜமா இருந்த ஊருங்களாப்பா?”

“முதல் பதிப்புல இருந்துச்சு.”

அவளுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. வரைபடங்களுக்குப் பதிப்பு உண்டு. முதல் பதிப்பு வரும், சில வருடம் கழித்துத் திருத்திய பதிப்பு வரும். திருத்துவது எப்படி என்று சிறுவயதில் அப்பா செய்து காட்டியிருக்கிறார். வரைபடத் தாளில் காய்ந்த மையை ரப்பரால் அழிக்க முடியாது. சவர பிளேடின் முனையை வைத்து, தாள் கிழியாமல், மூச்சை அடக்கிக்கொண்டு சுரண்ட வேண்டும். சுரண்டிய இடத்தை நகத்தின் முதுகால் தேய்த்துவிட்டால் அங்கே ஒன்று இருந்ததே தெரியாது. அலுவலகத்தில் அவரைப் போலச் சுத்தமாகச் சுரண்டுபவர் யாரும் இல்லை என்று அம்மா பெருமையாகச் சொல்வாள்.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் வாயைத் திறந்தார், பறவைக்குஞ்சைப் போல. மருந்தை விழுங்கினார். தண்ணீர் கேட்டார், அவள் பஞ்சால் உதட்டை நனைத்தாள். நெற்றிச் சுருக்கங்கள் ஒவ்வொன்றாக அவிழ்வதைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தூங்கிப்போகும் முன் அவர் கை அவள் மணிக்கட்டைத் தேடிப் பிடித்து, ஏதோ சொல்ல வந்ததுபோல லேசாக அழுத்தியது. அவ்வளவுதான்.

பிற்பகலில் மூச்சுக்கு நடுவே இடைவெளி விழ ஆரம்பித்தது. மெதுவக்கா கால்பக்கம் உட்கார்ந்து பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மகள் அண்ணனுக்குப் போன் போட்டாள், எடுக்கவில்லை. ஒரு மூச்சு உள்ளே போனது. அது வெளியே வரக் காத்திருந்தார்கள். வந்தது. அடுத்ததற்குக் காத்திருந்தார்கள். தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் போய் மறைந்தது. இன்னும் காத்திருந்தார்கள்.

மெதுவக்காதான் முதலில் எழுந்தாள். “வெந்நி வெக்கறேன்” என்றாள்.

டாக்டர் வந்து பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அண்ணன் வரும்வரை ஆஸ்பத்திரிக் குளிரறையில் வைக்க வண்டிக்குச் சொல்லியாயிற்று. வண்டி வருவதற்குள் இருவரும் சேர்ந்து அவரைத் துடைத்தார்கள். மெதுவக்கா தோளைத் தூக்கிப் பிடித்தாள், மகள் முதுகைத் துடைத்தாள். இத்தனை மாதப் படுக்கையிலும் முதுகில் ஒரு புண் இல்லை. பழக்கத்தில் “மெதுவா” என்றாள் மெதுவக்கா. சொன்னது காதில் விழுந்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“காலைல கத்திட்டேன்க்கா.”

“பரவாயில்ல.”

“அந்த ஊரு…”

மெதுவக்கா துணியைப் பிழிந்தாள். அவர் கையை எடுத்து விரல் இடுக்குகளைத் துடைக்க ஆரம்பித்தாள்.

“எங்கம்மா ஊரு. நானும் அங்கதான் பொறந்தேன். பட்டாளம் ஊரக் காலி பண்ணினப்ப என்னைக் கைக்குழந்தையாத் தூக்கிட்டு வந்தாங்களாம், எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. எங்கம்மா சாகறவரைக்கும் அந்த ஆலையப் பத்திப் பேசிக்கிட்டே இருப்பாங்க. எம் பொண்ணு போன்ல தேடினா. எந்த மேப்லயும் அப்படி ஒரு ஊரே கெடையாது. எங்கம்மா கெனா கண்டிருப்பாங்களோன்னுகூட நெனச்சேன்.” அடுத்த விரலுக்குப் போனாள். “இங்க வேலைக்கு வந்தப்ப ஐயா எந்த ஊருன்னு கேட்டாரு. சொன்னேன். அப்புறம் இந்தப் பலகையக் கைநீட்டிக் காட்டினாரு. ஆலை, ஓடை, எல்லாம் எங்கம்மா சொன்ன மாதிரியே இருந்துச்சு.”

மகள் துடைப்பதை நிறுத்தியிருந்தாள்.

“வேற மேப்ல ஏன் இல்லேன்னு கேட்டேன். ‘நான்தாம்மா எடுத்தேன்’னாரு.”

“அப்புறம்?”

“அப்புறம் கொஞ்ச நாள் நான் வரல.”

மகளுக்கு அந்த நாட்கள் நினைவுக்கு வந்தன. மெதுவக்காவுக்குக் காய்ச்சலாம் என்று அப்பா சொன்னார். வேலைக்கு வைத்த ஆள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டாள் என்று இவள் லீவு போட்டுவிட்டு வீடு முழுக்கப் புலம்பித் தீர்த்தாள். அப்பா கேட்டுக்கொண்டே படுத்திருந்தார்.

“ஏன்க்கா திரும்பி வந்தீங்க?”

“யாராச்சும் புரட்டிப் போடணுமே. முதுகு புண்ணாயிடும்.”

அவர் கையை மார்பின்மேல் வைத்துவிட்டு மறுகையை எடுத்தாள்.

வாசலில் செருப்பு உதறும் சத்தம் கேட்டது. பல்லு மாமா பக்கவாட்டில் நுழைந்து வந்தார். சட்டைக் கைமடிப்பில் யாருடைய ரத்தமோ காய்ந்திருந்தது. கட்டிலைப் பார்த்தார். நெருங்கிப்போய் நண்பரின் நெற்றியில் கையை வைத்து, காய்ச்சல் பார்ப்பதைப் போல வைத்தபடியே நின்றார். பிறகு, எங்கே பார்ப்பது என்று தெரியாதவராகப் பலகைப் பக்கம் திரும்பினார்.

வெகுநேரம் பார்த்தார்.

“யாரு ஆடினது?”

“நான்தான் மாமா. நீங்க வர லேட் ஆகும்னதும் என்னை உக்காரச் சொன்னாரு. மருந்து குடிக்க மாட்டேன்னுட்டாரு. சீக்கிரம் முடிக்கணும்னு…”

“ம்.” நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். “தப்பில்ல பாப்பா. முதல் ஆட்டத்துல நானும் இதைத்தான் பண்ணேன். சட்டுனு ஜெயிச்சேன். ஜெயிச்சுட்டு உங்கப்பன்கிட்ட சண்டைக்குப் போனேன். யோவ், இதுக்குப் பாயிண்ட் கழிக்கணும்யா, இல்லேன்னா உக்காரறவன் எல்லாம் இதையேதான் பண்ணுவான்னேன். ‘நெஜத்துல யாருக்குக் கழிச்சாங்க’ன்னான். அதுக்கப்புறம் அந்த டப்பாவ நான் தொட்டதே இல்ல. ஒரு ஆட்டம்கூட ஜெயிச்சதும் இல்ல.”

“தோக்கறதுக்கா மாமா வாராவாரம் வந்தீங்க?”

“அதைத் தொடாம ஜெயிக்க ஒரு வழி இருக்கணுமேன்னு வந்தேன். அவனும் அதைத்தான் பாத்துக்கிட்டு இருந்தான். நான் ஜெயிச்சுடுவேனோன்னு பயம் இல்ல அவனுக்கு, நான் ஜெயிக்கவே மாட்டேனோன்னுதான் பயம்.” நீலக் கட்டை ஒன்றைத் தொட்டார். “போன வாரம் விட்டப்ப ரோட்டுல கொஞ்சம்தான் மிச்சம் இருந்துச்சு. இந்தத் தடவை…”

அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

மகள் பலகையருகே போனாள். ஆலையின்மேல் இருந்த வில்லையின் விளிம்பில் நகத்தை வைத்தாள்.

“வேணாம் தங்கச்சி” என்றாள் மெதுவக்கா, கட்டிலருகே இருந்தபடியே. குரலில் கடுமை இல்லை. “இப்ப எடுத்தா மட்டும்?”

நகம் அங்கேயே நின்றது. பிறகு அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

வெளிச்சம் மங்கத் தொடங்கிய நேரத்தில் வண்டி வந்தது. வண்டிக்காரர் உள்ளே எட்டிப் பார்த்து அளவெடுத்தார். “ஸ்ட்ரெச்சர் திரும்பாதுங்க. இந்தப் பலகைய எடுத்தாத்தான் ஆகும். மேல இருக்கறதக் கலைச்சுட்டுப் பலகையச் செங்குத்தா சாச்சு வெச்சுடலாமே?”

பல்லு மாமா எழுந்து பலகையின் ஒரு மூலைக்குப் போனார். மெதுவக்கா புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த மூலைக்கு வந்தாள். மகள் எதிர்ப்பக்கம் குனிந்து அடியில் கையைக் கொடுத்தாள். வண்டிக்காரர் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவரும் நான்காவது மூலையைப் பிடித்தார்.

“சாயாம” என்றார் பல்லு மாமா.

தூக்கினார்கள். பலகை நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. கதவு நிலைக்கும் பலகைக்கும் நடுவே ஒரு விரல்கூட நுழையாது. விரல்களை உள்ளே மடித்துக்கொண்டு, உள்ளங்கையில் ஏந்தி, ஒருவர் பாதத்தை இன்னொருவர் பார்த்து, அடி அடியாக நடந்தார்கள். வாசல்படியில் வண்டிக்காரரின் கால் தடுக்கியது. பலகை ஒருபக்கம் இறங்கியது. நால்வரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

எதுவும் நகரவில்லை.

பலகையை வெளியே தரையில் இறக்கி வைத்துவிட்டு, அப்பாவைத் தூக்க உள்ளே போனார்கள்.